நூறு வார்த்தைக்குள்

வெள்ளிக்கிழமை விழாவுக்கு
என்னைப் பற்றிய குறிப்பு கேட்டிருக்கிறார்
சங்கச் செயலாளர் குலசேகரன்.
நூறு வார்த்தைக்குள், மேடம்,
நாளை மதியத்துக்குள்,
முடிந்தால் சிரிக்கிற படம் ஒன்றும்.

எழுத உட்கார்ந்தேன்.
பால்கனிக் கதவுக்கு அப்பால் ரூவி
ராத்திரி பத்து மணிக்கும் சூடு இறங்காமல் கிடக்கிறது.
கீழே ஷவர்மாக் கடையில்
கத்தி தீட்டுகிற சத்தம்.

ரெசிடென்ட் கார்டின்படி நான் ஆய்வக உதவியாளர்.
பதினாறு வருஷத்தில் எட்டு முறை புதுப்பித்தாயிற்று,
ஒரு சோதனைக் குழாயையும் தொட்டதில்லை.
ஓவிய ஆசிரியைக்கு அந்த வருஷம் விசா இல்லையாம்.
இருந்த விசாவில் உட்கார வைத்தார்கள்,
பஸ்ஸில் யாரோ இறங்கிய சீட்டில்
சூடு ஆறுமுன் உட்காருவது போல.
கவிஞர் என்பதற்கு அந்தப் படிவத்தில்
கட்டமே கிடையாது.

முதல் தொகுப்பு சென்னையில் அச்சானது.
நாற்பது பிரதிகளோடு திரும்பும்போது
விமான நிலையத் தராசு மூன்று கிலோ கூடுதல் காட்டியது.
கருவாடு வீட்டுக்காரரின் ஆசை.
கவிதையை எடுத்து
தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஓவியத்துக்கு வாரம் இரண்டு பீரியட்.
பரீட்சை நெருங்கினால் ஒன்றைக்
கணக்கு சார் கடன் வாங்குவார்.
திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

இங்கேயே பிறந்த பிள்ளைகள்.
படம் வரையச் சொன்னால்
இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன்,
வளைந்து வரும் ஆறு, சாய்ந்த தென்னை.
ஆற்றை எங்கே பார்த்தாய் என்றால்
அண்ணன் நோட்டில் என்பார்கள்.

ஒருநாள் எல்லாரையும் ஜன்னலோரம் நிறுத்தி
இருக்கிறதை வரையுங்கள் என்றேன்.
இருந்தது
மரமில்லாத பழுப்பு மலை,
வெள்ளைத் தண்ணீர்த் தொட்டிகள்,
எதிர்க் கட்டடத்தின் முதுகு முழுக்க ஏசிப் பெட்டிகள்.

இரண்டாம் வகுப்பு பி பிரிவு டென்சில்
ஒரே ஒரு ஏசி வரைந்தான்.
அதன் கீழே பெயிண்ட் டப்பா மூடி.
மூடியின் விளிம்பில் புறா.
ஏசி அழுவுது மிஸ்,
புறா குடிக்குது.
சொல்லிவிட்டு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான்.

அந்த வாரமே அது என் கவிதையில் இருந்தது.
அழுவுது என்பதை
அழுகிறது ஆக்கினேன்.
என் பங்களிப்பு அவ்வளவுதான்.

இன்றுவரை கைதட்டு விழுவது அந்த இடத்தில்தான்.
சலாலாவிலிருந்து ஒருவர் போன் செய்து
பேச முடியாமல் வைத்துவிட்டார்.
கடல் கடந்தவனின் கண்ணீர்ப் படிமம் என்று
பேராசிரியர் ஒருவர் மேடையில் விளக்கினார்.
நான் மறுக்கவில்லை.
கொடுத்த மாம்பழ ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஜனவரியில் டென்சில் வரவில்லை.
அப்பாவின் கம்பெனி மூடிவிட்டதாம்.
வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல்
சிவப்பில் ஒரு கோடு, துளியும் கோணாமல்.
போட்டது வகுப்பு டீச்சர்.
ஸ்கேல் என்னுடையது.

இப்போது இருபது வயதிருக்கும்.
மார்த்தாண்டத்தில் இருக்கலாம்,
கனடாவில் இருக்கலாம்,
திரும்ப இங்கேயே வந்து
ஏதோ ஒரு கட்டடத்தின் முதுகில் தொங்கியபடி
ஏசி பழுது பார்க்கலாம்.
படம் மட்டும் என் அலமாரியில்,
போஸ்டர் கலர் வெடித்து
புறாவின் கழுத்து உதிர்ந்து.

தொகுப்புகள் இரண்டு என்று எழுதினேன். அடித்தேன்.
பயிலரங்குகள் என்று எழுதினேன்.
எத்தனை என்று எண்ணத் தொடங்கியதும்
அதையும் அடித்தேன்.
ஒரு மணிக்கு மிஞ்சியது இது:

ஓவியம் சொல்லித் தருகிறார்.
எல்லாருக்கும் தெரிந்த அந்த வரி
டென்சில், 2 பி, சொன்னது.
கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

அனுப்பிவிட்டேன்.

தூங்காமலே இருந்திருப்பார் போல, உடனே பதில்:
அருமை மேடம், சுருக்கமா இருக்கு.
டென்சில்ங்கறது விருதா?
எந்த வருஷம்னு போட்டுக்கலாம்?
அப்புறம் அந்த
சிரிக்கிற படம்.