பின்சில்லு

லிஃப்டில் தூக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டான் பெஸ்னிக்.
உள்ளே அவனுடைய பெடியன் கியரைப் போட்டு
மெல்ல மிதித்தான்.
முன்சில்லு இரண்டும் காற்றை அரைத்தன.
பின்சில்லு இரண்டும்
கூட்டத்தில் கையுயர்த்தச் சொன்னதும்
சப்பாத்தைக் குனிந்து பார்க்கிற ஆட்களைப் போலத்
தொங்கின.

எவ்வளவு காலமாய், என்றேன்.
உள்ளங்கையை விரித்தான்:
பெருவிரல் நகமளவு ஒரு வடி,
முழுக்கக் கறுத்த களி.
பின்னச்சைப் பிணைக்கிற பம்ப்புக்கு
தனியாய் ஒரு ஒயில் இருக்குதாம்,
மூன்று வருடத்துக்கு ஒருக்கால் மாற்றவேணுமாம்.
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
சேவிஸ் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினான்.
'ஆறு மாரி இருக்கும்.'

ஆறு மாரி!

பத்தொன்பது வயது ஒக்டாவியா,
மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்.
லாங்னாவில் ஒரு சீஸ் வியாபாரியிடம் வாங்கினேன்.
ஆடி வெயிலில் இன்றைக்கும் பின்னிருக்கை
அந்த மனிதரை ஞாபகப்படுத்தும்.
மஞ்சள் சுருள் விளக்கு அணையும் மட்டும் பொறுத்து,
பிறகுதான் திறப்பைத் திருப்பவேணும்.
அவசரப்பட்டால் இருமும்.
பின்கதவில் 4×4 என்று வெள்ளி எழுத்து.
உப்புக் கரைசல் படிந்தால்
கண்ணாடிக்கு முன்னம் அதைத்தான் துடைப்பேன்.

எங்கள் வேலை வீடு வீடாய்ப் போவது.
ஒருவருக்கு இன்சுலின், ஒருவருக்குக் காலுறை,
ஒருவருக்கு நாங்கள் வந்தோம் என்பதே மருந்து.
ட்ரூப் பள்ளத்தாக்கில்
தபால் பஸ் நின்றுபோன ஒரு தை மாதத்து இரவு,
பனி வழிக்கும் வண்டியும் வராத பாதையில்
ஸீகன்தாலர் கிழவரின் அடைபட்ட குழாய்க்காக
மேலே ஏறினேன்.
பக்கத்தில் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளை, நதீன்,
கதவுக் கைபிடியை விடவேயில்லை.
பயப்படாதே, என்றேன்,
நாலும் இழுக்கும்.
அவளும் நம்பினாள்.
காரும் நம்பியிருக்கவேணும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதாம்.
சொல்லி வைத்தவர்
மாரியில் இந்தப் பக்கம் வரவில்லை.

அப்ப என்னத்தில் ஏறினேன்?
நல்ல டயரா,
பின்னால் கிடந்த இரண்டு மூட்டை உப்பின் பாரமா,
கீழே உருண்டால் யார் போய்க் குழாய் மாற்றுவது என்ற
கணக்கா?
பெஸ்னிக்கிடம் கேட்டேன்.
தோளைக் குலுக்கினான். கொசோவோவில்
அவனுடைய மாமனார் கழுதையில் ஏறுவாராம்,
அதற்கும் முன்கால்தான் முக்கியமாம்.

பம்ப், ஒயில், வாசலுக்குக் கீழே துருவுக்கு ஒட்டு:
ஆயிரத்து நூற்று நாற்பது பிராங்.
காரை விற்றால் தொளாயிரம்.
சுகிர்தன் தன் மின்சாரக் காரின் வயரைச் சுருட்டியபடி
ஒன்றும் சொல்லவில்லை,
மிகவும் சத்தமாக.
இரண்டு சில்லிலேயே ஆறு வருடம் ஓடினது,
அப்படியே ஓடட்டுமே என்று பெஸ்னிக்கும் சொன்னான்,
தன் வியாபாரத்துக்கு எதிராக.

கட்டினேன்.
தெரிந்த பிறகு தெரியாமல் ஓட முடியாது.

கார்த்திகையில் முதல் பனி.
அதே வளைவு, அதே ஏற்றம்.
பின்னால் ஏதோ ஒன்று முதுகில் கைவைத்துத்
தள்ளுவதை உணர்ந்தேன்.
இதுதானா அது?
வலப்பக்கம் பள்ளம் இருந்ததை
அன்றைக்குத்தான் கண்டேன். எவ்வளவு ஆழம்.
ஆறு மாரியும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.
கை வியர்த்தது.
இரண்டாம் கியருக்கு இறக்கி
ஊர்ந்தேன்.

மேலே ஸீகன்தாலர் மனுசி
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.
'இருபது நிமிடம் பிந்திவிட்டாய்.
பாதை மோசமோ?'

இல்லை, என்றேன், சப்பாத்தைத் தட்டியபடி.
இன்றைக்கு நாலு சில்லிலும் வந்தேன்.