இடமிருந்து இரண்டாவது

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மருதை முடிதிருத்தகம்.
செம்பனை லாரி போகும்போதெல்லாம்
டம்ளருக்குள் சீப்புகள் கிணுகிணுக்கும்.
யாருக்கோ தாடி மழித்தபடி கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.
"சினிமா புத்தகத்துல ஆராய்ச்சியா? பண்ணு லா.
சாக்கு எம்பது வெள்ளி.
நீச்சலுடை அட்டை மட்டும் விக்கிறதுக்கில்ல."

அரிசிச் சாக்கில் பதினோரு வருடத்து 'ஒளிக்கண்'.
மதராசில் அச்சாகிக் கப்பலேறியது.
நாயகனின் இடது கண்ணில் நுழைந்த ராமபாணப் பூச்சி
பின்பக்கத்துத் தலைவலித் தைலத்தில்
வெளியேறியிருந்தது.

விடுதி அறையில் கட்டம் போட்டேன்.
எந்த நட்சத்திரம், எத்தனை அட்டை,
எத்தனை கடிதம், எந்த ஊர், ஆணா பெண்ணா.
நடுப்பக்க அழகிகள் அப்படியே இருந்தார்கள்,
மடிப்பில் துருப்பிடித்த ஊசியோடு.
ஓட்டைகள் வேறெங்கோ இருந்தன:
படங்களின் ஓரத்தில், கூட்டத்துக்கு நடுவில்,
கட்டைவிரல் நகமளவு.
'சேதம்: பூச்சி' என்று பதிந்துகொண்டே போனேன்.
நான்காம் ஆண்டு இதழில்தான் உறைத்தது,
பூச்சி நேர்கோட்டில் தின்னாது.

அந்த ஆண்டின் கேள்வி பதில்.
ஞா. சவரியம்மாள், ஆர்லி தோட்டம், மூன்றாம் பிரிவு, பகாவ், மலாயா:
'திருவிழா ஆட்டத்தில் பின்வரிசையில்
இடமிறுந்து இரண்டாவதாக ஆடும் பெண்ணின் பெயர் என்ன?'
வல்லின றகரத்தைத் திருத்தாமலே அச்சடித்துவிட்டு
ஆசிரியர் சொன்ன பதில்:
'கதாநாயகியை விட்டுவிட்டுக் கண் எங்கே போகிறது அம்மணி!'

நான்கு மாதம் கழித்து,
'முன்பு கேட்ட அதே பெண்தான்.
இந்தப் படத்தில் குடம் தூக்கி வருகிறார். பெயர்?'
'குடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.'

அதன்பின் சவரியம்மாளைக் காணோம்.
ஆனால் ஆர்லியிலிருந்து ஒரு அந்தோணி கேட்கிறார்,
ஒரு ரோசம்மா கேட்கிறார்,
'ஒரு தமிழன்பர்' கேட்கிறார்.
எல்லோருக்கும் அதே பெண், எல்லோருக்கும் அதே றகரம்.
என் கட்டத்தில் நான்கு ரசிகர்கள்.
அழித்து ஒன்றாக்கினேன். பிறகு மறுபடி நான்காக்கினேன்.

ஆறு படம்.
மாதம் ஒருமுறை தோட்டத்துத் திடலில்
காற்றுக்கு உப்பும் திரையில்
ஒரேயொரு தடவை பார்த்து,
ஊஞ்சல் ஆட்டுபவளாக, தீவட்டி பிடிப்பவளாக,
அடுத்தவர் பிணத்துக்கு மாரடிப்பவளாக
வந்த முகம் எல்லாம் ஒரே முகம் என்று
எப்படித் தெரிந்தது?
முந்நூறு மரத்தில் பால் நின்றுபோன மரத்தை
விடியுமுன் இருட்டிலேயே அறிந்த கண்ணாக இருக்கலாம்.
இருக்கலாம் என்று ஆய்வேட்டில் எழுத முடியாது.

மருதையிடம் கேட்டேன், இந்தச் சாக்கு யாருடையது?
"யாரு கண்டா. ஆர்லி லயத்த ஒடச்சப்ப
பழைய பேப்பர்காரன் போட்டுட்டுப் போனான்."
'அபிமானத் தாரகை' போட்டிக் கூப்பன்?
"கப்பல் வந்து, சிரம்பான் ஏஜெண்டு பிரிச்சு
இங்க வர்றப்ப கெடு முடிஞ்சு ரெண்டு மாசம்.
அதுக்கென்ன, வெட்டி அனுப்பத்தான் செய்வாங்க."

முடிந்த தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு
என் கட்டத்தில் இடமில்லை.
வெட்டாமல் விட்ட கூப்பன் ஒன்று கிடைத்தது.
'தாரகையின் பெயர்' என்ற கோட்டின்மேல் பென்சிலில்,
'அது உங்களுக்குத்தான் தெறியும்.'

அதே இதழில் அந்தத் திருவிழா ஆட்டம், முழுப் பக்கம்.
நாயகி முன்னால், பல்வரிசை மின்ன.
பின்னால் ஒன்பது பெண்கள். எண்ணினேன், எட்டுத் தலை.
இடமிருந்து இரண்டாவது
சதங்கை கட்டிய கால், தூக்கிய கை,
கழுத்துக்கு மேல் சன்னல்.
அதன் வழியே அடுத்த பக்கத்தின்
'சந்தா செலுத்த வேண்டிய முகவரி'.

அறுபது ஆண்டு தாமதமாய் வந்து நானும் கேட்கிறேன்,
பெயர் இல்லை, இப்போது முகமும் இல்லை.

எண்பது வெள்ளி நீட்டினேன்.
மருதை புரட்டிப் பார்த்து
ஐந்து வெள்ளி திருப்பித் தந்தார்.
"ஓட்டைக்குக் கழிவு."