நாலு விரற்கடை

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஸ்டான்லி டாக்டர் சொன்னார்: எலும்பில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத முட்டியைக் கைப்பிடிச் சுவரோடு இழுத்துக்கொண்டு
தண்டையார்பேட்டையில் அவர் எழுதிக் கொடுத்த மாடிக்கு ஏறினேன்.
கீழே ஸ்கேன் சென்டர், நடுவில் டியூஷன்,
மேலே டெல்பினா.
கட்டில் இல்லை, மாத்திரை இல்லை.
இரண்டு நாற்காலி.
மூன்றில் வைத்தால் மட்டும் சத்தம் போடுகிற மின்விசிறி.

நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன்.
எனக்கு மனப்பாடம் அது.
கம்பெனிக்குச் சொன்னது,
தூக்கத்தில் ஏன் உதைக்கிறாய் என்ற தேசராணிக்குச் சொன்னது,
ஜீரோ கேட் வரிசையில் மூன்று ராத்திரி
கிளீனர் பையனுக்குச் சொன்னது:
எர்ணாவூர் வளைவு. மழை விட்ட ரோடு.
நாற்பதடிப் பெட்டி, உள்ளே இருபத்தாறு டன் ஏதோ.
சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு
குறுக்கே ஒரு பொம்பளை.

வண்டி நின்றுவிட்டது.
நாலு விரற்கடை.
என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினாள்.
ஒரு குடம் ரோட்டில் கவிழ்ந்திருந்தது.
எடுத்துக் கட்டிக்கொண்டு மிதித்துப் போய்விட்டாள்.
கேஸ் இல்லை, ரத்தம் இல்லை.
ஒன்றும் நடக்கவில்லை மேடம், ஒன்றுமே.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
“இப்ப உங்க வலது காலு இன்னா பண்ணுது?”
சுவரில் சட்டம் போட்ட பட்டம்,
வாயில் காசிமேட்டு இன்னா.

குனிந்தேன்.
டைல்ஸில் அழுந்தி, கட்டைவிரல் வெளுத்து,
யாருடைய காலோ என்பதுபோல
மிதித்துக்கொண்டிருந்தது.
எடுக்கப் போனேன்.
“எடுக்க வேணாம். இருக்கட்டும்.
சும்மா பாக்கலாம், நீங்களும் நானும்.”

சும்மா பார்க்கிற பழக்கம் எனக்கில்லை.
கண்ணாடி பார்ப்பேன், டீசல் முள் பார்ப்பேன்,
எம்.எஃப்.எல். சிக்னலில் போலீஸ் பார்ப்பேன்.
கெண்டைச் சதையில் ஒரு கயிறு இருந்தது,
தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சோடு.
அது தொடை ஏறி இடுப்பைச் சுற்றிக்கொண்டு
கடைவாய்ப் பல்லில் போய்க் கட்டியிருந்தது.
மூச்சு பாதி வழியில்,
கேட் திறக்காத லாரி.

“ஒன்னு சொல்றேன். நம்பணும்னு இல்ல.
உள்ள இன்னா ஆவுதுன்னு மட்டும் பாருங்க.”
கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்ஸ்
போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை காத்திருந்தார்.
“வண்டி நின்னுடுச்சி.”

கால் இன்னும் அழுத்தியது.

என்னிடம் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.
ஒரு தலையணையை என் பாதத்துக்கு எதிரே வைத்து
இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்தார்.
“மிதிங்க. கொஞ்ச நேரம் இது என் வேல.”
மிதித்தேன்.
இருபத்தாறு டன்னையும் மிதித்தேன்.
அவர் வளையல் முழங்கைவரை ஏறிப் போனது.
பதினாலு மாதத்தில் முதல் தடவையாக
பிரேக்கில் வேறொரு ஆள்.

இன்ஜினை அணைத்ததும் கேபின் ஒருமுறை உதறுமே,
அந்த உதறல் தொடையில் வந்தது.
அன்றைக்கே வந்திருக்க வேண்டியது.
பின்னால் எட்டு வண்டி ஹாரன்.
ஃபர்ஸ்ட் கியர் போட்டுப் போய்விட்டேன்.

அவள் முகம் வரும் என்று பயந்தேன்.
வந்தது தண்ணீர்.
முன்சக்கரத்துக்கு அடியில் புகுந்து
அந்தப் பக்கம் வெளியே வந்த தண்ணீர்.
எந்நேரத்துக்கு எழுந்து குழாயடியில் நின்றாளோ.
அதற்கு அழுதேன், ஒரு குடம் தண்ணீருக்கு,
நாற்பத்தாறு வயதில், மேல்மாடியில்,
கீழே பிள்ளைகள் பதிமூன்றாம் வாய்ப்பாடு கத்த.

டோல்கேட் ஷேர் ஆட்டோவில்
டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் நானும் போட்டேன்.
போடுகிறேன் என்று தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி தேசராணி கேட்டாள்:
“இன்னாய்யா சொன்னாங்க?”
“வண்டி நின்னுடுச்சாம்.”
“இத சொல்றதுக்கு ஐந்நூறு ரூவாயா” என்று
திரும்பிப் படுத்தாள்.
அவள் குதிகால் என் உள்ளங்காலில் வந்து முட்டியது,
தெரிந்து வைத்தாளோ,
இடம் போதாமலோ.