முடிச்சு

ஜூன். பின்லாந்தின் வடக்கே
இருட்டத் தெரியாத இரவு.
காட்டு விடுதிக்கு வழி அளந்துகொண்டிருந்தாள் துயிரே,
சட்டைப்பையில் ஜிபிஎஸ்,
காதைச் சுற்றிக் கொசு.

பதினோராவது கிலோமீட்டரில்
சைக்கிள் சங்கிலி அறுந்தது.
தெறித்துப்போன ஆணியைத் தேடி நடந்தாள்:
பாசி, புளுபெரிப் புதர், ஒரு பாறை,
மறுபடி அதே பாறை.
கிடைத்தது பனிமானின் பல் ஒன்று.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள்.
பைக்குள் இருந்தது
ஒரு காலடியையும் விடவில்லை.

அச்சாகி வந்த வரைபடத்தில்
அந்த இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு
சிக்கெடுக்காத நூல்.
அழித்துவிடச் சொன்னாள்.
"அடுத்த பதிப்பில்" என்றார் எஸ்கோ,
"நானூறு பிரதி கிடக்கிறது."

ஆகஸ்டில் போனால்
பாசி தேய்ந்து மண் தெரிகிறது.
பாறையை இருமுறை சுற்றி
டயர்த் தடம், வெகு ஒழுங்காக.
சதுப்பில் யாரோ
பலகைகூடப் போட்டிருக்கிறார்கள்.

நேரே போகப் பார்த்தவளை
எதிரே வந்த இரண்டு ஜெர்மானியர்
வரைபடத்தை நீட்டித் திருத்தினார்கள்.
பின்னால் மணிச்சத்தம்.
ஒதுங்க இடமில்லை.

சுற்றினாள்.
இரண்டாம் சுற்றில் கண் தரையில் இருந்தது.
இங்கேதான் எங்கோ
அந்த ஆணி.