பொடக்காளி

ஐப்பசி மழை மூணு நாள் விட்டுவிட்டுப் பெய்து
நாலாம் நாள் விடிந்தபோது
பொடக்காளி முருங்கைக்கு மயிர் முளைத்திருந்தது.
பழுப்பாய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு,
அதற்கு மேலே இன்னொன்று,
கவட்டில் பெரிய திட்டு.
மூச்சு விடுவதுபோல் அசைந்தது.
பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.
துப்ப மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் போனில் சொன்னார்:
"பந்தம் சுத்திக் காட்டுங்க, இல்லாட்டி
மரத்தையே வெட்டிப் போடுங்க.
ஒண்ணரை சென்ட்டுல எதுக்குங்க மரம்?
சுவரு விரிசல் உடுது."
சுவர் மரத்தால் விரியவில்லை.
மங்கலம் ரோட்டு லைன் வீட்டில்
வாடகைக்கு இருப்பவள் அதைச் சொல்லக்கூடாது.

என் வேலை ஓட்டை பார்ப்பது.
பனியன் கம்பெனியில் செக்கிங்.
டியூப்லைட் வெளிச்சத்தில் நாளைக்கு எழுநூறு பீஸ்.
ஊசித்துளை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம்,
கண்டதும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டவேண்டும்.
ஒட்டிவிட்டால் அப்புறம்
அது வேறொருத்தர் பாடு.

ஆறு நாளில் முருங்கை முழுக்க ஈர்க்கு.
ராத்திரியெல்லாம் தின்றுவிட்டுப் பகலில்
அடிமரத்தில் ஒண்டிக்கிடந்தன.
காற்றடித்த அன்று
பக்கத்து வீட்டுக் கொடியில் விழுந்தது ஒன்று.
சுமித்ராவின் மகள் அந்தப் பாவாடையை
உதறாமல் உடுத்திக்கொண்டாள்.
தொடையெல்லாம் தடிப்பு.
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுமித்ரா வந்தாள்.
சண்டைக்கென்று நினைத்தேன்.
மரத்தைக் காட்டி "சம்பாளுவா" என்றாள்.
கஞ்சாமில் அதற்கு அதுதான் பேராம்.
"கம்பளிப்பூச்சி" என்றேன்.
பூச்சி மட்டும் அவள் வாயில் சரியாய் வந்தது.
வேப்பிலையும் மஞ்சளும் என் அம்மியில்தான் அரைத்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம்
தறியிலிருந்து வந்த கையோடு நாச்சிமுத்து பந்தம் கட்டினார்.
மூங்கில் குச்சி, வேஸ்ட் துணி, கால் லிட்டர் டீசல்.
கடுகு வெடிக்கிற சத்தம்.
கருகிய மயிர் நாற்றம் சோற்றில்கூட இருந்தது.
பாதி உயிரோடு கீழே உதிர்ந்தன.
சீமாற்றால் கூட்டி சோப்புத்தண்ணி வாளியில் போட்டேன்.
மீதி ஏறிப்போய்விட்டன,
பந்தம் எட்டாத உயரத்துக்கு.

மறுநாள் மதில்மேல், கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே
செம்போத்து.
தலையைச் சாய்த்து ஒரு சிவப்புக் கண்ணால் மரத்தை அளந்தது.
ஒரு பூச்சியைக் கொத்தும்,
கிளையில் இப்படியும் அப்படியும் தேய்க்கும்,
மயிர் போனதும் விழுங்கும்.
கம்பெனி வேன் ஆரன் அடிக்கும்வரை
இருபத்துமூணு எண்ணினேன்.
ஐந்து நாள் வந்தது.
அடிமரம் சுத்தம்.
செம்போத்தைப் பார்த்தால் நல்லது நடக்குமென்று
வேனில் எல்லோரிடமும் சொன்னேன்.

துவைக்கிற கல்லோரம் ஓர் எலுமிச்சை.
இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து
தையல்சிட்டு கூடு வைத்திருந்தது.
பாதி சிலந்தி நூல்.
மீதி எங்கள் ஓவர்லாக் நூல், கிளிப்பச்சை,
என் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்ததாய் இருக்கும்.
கண் பழக்கம், கிட்டப் போய்ப் பார்த்தேன்.
ஒரு தையல்கூடத் தப்பில்லை.
உள்ளே மூணு வாய்.

ஞாயிற்றுக்கிழமை, கறி கழுவிக்கொண்டிருந்தபோது
சிட்டு கத்திய கத்தில் மக்கை வீசினேன்.
மதிலில் பட்டு உருண்டது.
செம்போத்து அவசரப்படவில்லை.
அதே தலைசாய்ப்பு, அதே கண்.
அலகில் ஒன்றைப் பிடித்தபடி வேலிப் புதருக்குள் நடந்து போனது.
மற்ற இரண்டையும் முன்னமே கொண்டுபோயிருக்கும்.
கூடு கிழிந்து தொங்கியது, பச்சை நூலில்.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்து கைகழுவும்போது பார்த்தேன்,
முழங்கையில் ஒரு சிவப்பு அம்பு.
உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு
பொடக்காளியில் நின்றேன்.
முருங்கையில் குருத்து விட்டிருந்தது.
மதில் காலியாய் இருந்தது.
எலுமிச்சை வரைக்கும் போய்த் திரும்பினேன்.

கடைசியில்
சுவர் விரிசலுக்கு நேராக ஒட்டினேன்.
அஞ்சாம் தேதி வாடகைக்கு வருவார் சென்னியப்பன்,
பார்க்கட்டும்.