ரொட்டிக்காரர் வருவதற்கு முன்

முப்பத்தெட்டு ரிங்கிட், தபால் செலவு தனி.
உறையைப் பிரிக்கும்போதே ஒரு மணம்:
சில்லறையை வெகுநேரம் பொத்தி வைத்திருந்த
கையின் மணம்.
ஒரு முழம்கூட இல்லை.
பித்தளைக் குழாய், பச்சை வாய், ஆறு துளை.
அடியில் ஒன்றுமில்லை, வெறும் காற்று.

எனக்கு வயது நாற்பத்து மூன்று.
பாடாங் செராய்க்கு வெளியே செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி.
லோரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழிப்பேன்.
பத்து கிலோவுக்குக் கீழே
எங்கள் தராசுக்குக் கண் தெரியாது.
மதியம் யாருமில்லாத நேரம் பார்த்து
குழலைக் கொண்டுபோய் மேடை நடுவில் வைத்தேன்.
பூஜ்யம்.
சிரித்துக்கொண்டே எடுத்து வந்தேன்.

"பக்கவாட்டில பிடிக்கணும் கிராணி,
சாமி படம் பார்த்ததில்லையா?"
என்றார் லோரி கதிரேசன்.
இது அந்தக் குழல் இல்லை அண்ணே.
நேரே முன்னால் நீட்ட வேண்டும்,
ஐஸ் கோப்பியை உறிஞ்சாமல்
கடைக்காரரிடமே திருப்பி ஊதுவது போல.

முதல் நாள் அது பாடவில்லை, கீச்சிட்டது.
மோதிர விரல்தான் துரோகி.
மூடிவிட்டேன் என்று பொய் சொல்லும்;
மயிரிழைச் சந்து போதும்,
கோழியை மிதித்த சத்தம்.
"அம்மா, கதவைச் சாத்துங்க" என்றாள் லோகஷினி.
சாத்தினேன்.
அறைக்குள் கீச்சு இரண்டு மடங்கு.
எவ்வளவு சந்தோஷம்!

மெல்ல ஊதினால் கீழ்வீடு.
அதே விரல்கள், மூச்சைக் கொஞ்சம் அழுத்தினால்
மாடிவீடு.
படி எங்கே என்று தெரியாமலே ஏறிவிடுகிறேன்,
இறங்கத்தான் தெரியவில்லை.

ஆறு துளையும் ஒழுங்காக மூடிய இரவு
வந்த குரல் தெரிந்த குரல்:
ஆலைச் சங்கு.
பதினேழு வருஷமாய்
என்னைப் படுக்கையிலிருந்து இழுத்துப் போட்டது
இப்போது குட்டியாய், எச்சில் ஒழுக,
நான் நிறுத்தினால் நிற்கிறது.

காருக்குள் ஊதிவிட்டு இறங்கிய காலை
வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைத்தேன்.
'சிலா சூபா லாகி.'
பாவாடையில் துடைத்து வைத்தேன்.
சூபா லாகி.
திருப்பிப் பார்த்தால்
விரல் நுனியில் ஒரு வட்டம்,
ரேகைகளின் மேல் அழுந்திய துளை.
நான் நானில்லை என்கிறது இயந்திரம்.
ஏழு நிமிஷம் லேட்.
பிடிக்கட்டும் சம்பளத்தில்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறவள்
இதைத் தேய்ப்பதில்லை.
என் கை பட்ட இடமெல்லாம்
பழுப்பேறட்டும்.

பாட்டென்று எதுவும் இன்னும் வரவில்லை.
இரண்டு சுரம் வரும்,
மேலே ஒன்று, கீழே ஒன்று.
நேற்றுச் சாயங்காலம் துணி எடுக்கப் போனவள்
வேலியோரம் அந்த இரண்டையும் ஊதினேன்.
இன்னொரு தரம் ஊதினேன்.

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.
ஹக்கிம், ஆறு வயது,
ஒரு காலில் மட்டும் செருப்பு,
கையில் இரண்டு ரிங்கிட்.
சாலையின் அந்தப் பக்கம் பார்த்தான்,
இந்தப் பக்கம் பார்த்தான்.
மோட்டார் இல்லை, ரொட்டிப் பெட்டி இல்லை,
ஈரத் துணியோடு நானும் ஒரு குழலும்.
அவன் முகம் சுருங்கியதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஆனால் வந்தானே,
என் சத்தம் கேட்டு ஒருவன்
காசோடு ஓடி வந்தானே!

ஐந்தேகாலுக்கு உண்மையான ரொட்டிக்காரர் வந்தார்.
பாம்-போம் என்றார்.
ஹக்கிம் அவரைப் பார்த்தான்,
திரும்பி என்னைப் பார்த்தான்.
அவருடையது அரைச் சுரம் இறக்கம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தேங்காய் பன் இரண்டு வாங்கிக்கொண்டேன்.