வாடகைப் பாக்கி

விசையைத் தொட்டதும்
அந்தச் சின்ன மனிதன் ஓடினான்,
நான் பார்ப்பதற்குள் குழியில் விழுந்தான்.
எழுந்தான். மறுபடி குழி.
மூன்று உயிரும் தீர்ந்தது
ஒரு தும்மல் நேரத்தில்.

விளையாட்டில் பிழையில்லை.
என் மடிக்கணினிக்குத்தான் அவசரம்.
பழைய எந்திரம் எவ்வளவு மெதுவோ
அவ்வளவுதான் அவனுக்கு நடை தெரியும்.
வேகத்தைக் குறைக்க இரண்டு விசைகள் உண்டு.
அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்,
கருங்கல் சந்தைக்குப் பின்னால்
ஸ்டெல்லா கம்ப்யூட்டர் சென்டரின் வேகம் வரும்வரை.

செருப்பை வெளியே விட்டு,
மணிக்குப் பதினைந்து ரூபாய்க்கு,
ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக
நானும் சித்தி மகன் ரெஜினால்டும்.
அம்புக்குறிகள் அவனுக்கு, தாவும் விசை எனக்கு.
விழுந்தால் எப்போதும்
"ஒனக்க கைதான் பிந்திச்சு பிள்ளே."

ஜூன் காற்றில் ரப்பர் கிளை ஒடிந்து
கம்பியில் விழும். கரண்ட் போகும்.
யுபிஎஸ் ஏழெட்டு முறை விக்கி அடங்கும்.
ஸ்டெல்லா அக்கா மேசைக்கடியிலிருந்து
வியாபார அட்டையை எடுத்துப் போடுவார்,
மெழுகுவர்த்திக்குக் காசு வாங்காமல்.
காய் ஒன்று தொலைந்துபோனதால்
ரெஜினால்டுக்கு ரப்பர் விதை;
கட்டத்தில் நிற்காது, உருளும்,
உருண்டால் முன்பக்கமாகத்தான் உருளும்.
வங்கியும் அவனிடமே.
ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்
அவன் முட்டிக்கடியில் குட்டி போட்டன.

இன்று தக்கலையில், இரவு பதினொன்றரைக்கு,
மின்விசிறி நின்றது.
ஃபிரிட்ஜ் நின்றது. தெருவே நின்றது.
அவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான்.
பேட்டரி எண்பத்திரண்டு சதவீதம்.

மேசைக்கடியில் குனிய
யாருக்கும் அவசியமில்லை.
கொஞ்ச நேரம் ஓடவிட்டேன்.
பிறகு நானே மூடினேன்.

சென்டரைக் காலி செய்த அன்று
அக்கா தந்த பெட்டி, அலமாரி மேல்தட்டில்.
கைபேசி வெளிச்சத்தில் திறந்தேன்.
பகடை இல்லை. கல்கத்தாச் சீட்டு இல்லை.
விதை இருந்தது, மினுமினுப்புப் போகாமல்.
களியக்காவிளையில் வாங்கிய
பரிசு விழாத லாட்டரிச் சீட்டின் பின்புறம்
அவனுடைய சாய்ந்த எழுத்து:
"கொச்சியில் நிற்கிறேன்.
தரவேண்டியது 2200.
கரண்ட் வந்துவிட்டது."

எந்த வருடம் என்று எழுதவில்லை.

படம் எடுத்து தோஹாவுக்கு அனுப்பினேன்.
அங்கே அவன் ஏதோ கிடங்கில்
இரவுப் பணிக் கணக்கு.
"உன் முறை" என்று மட்டும் சேர்த்தேன்.

இரண்டு நீலக் குறிகள்.
நெடுநேரம் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான்,
நின்றான், மறுபடி தட்டினான்.
வந்தது ஒரே சொல்:
ஆறு.

அங்கே பகடை ஏது?
கேட்கவில்லை.
விதையை எடுத்து
ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி வைத்தேன்.
ஆறாவது கட்டம் ஊட்டி.

ஊட்டி என்னுடையது.
இரண்டு வீடு கட்டியிருக்கிறேன்.